நின்ற இடத்திலிருந்து இழுப்பது: ஃபாட்டிங்கர் முதல் சூரி வரை

மட்டாஞ்சேரியிலிருந்து நீர்ப்பரப்பைக் கடந்து வில்லிங்டன் தீவின் ரயில்பாதையைக் காணும்போதெல்லாம் ஷண்டிங் எஞ்சின்களே நினைவில் எழுகின்றன. நிற்பதும் கிளம்புவதுமே அவற்றின் பிழைப்பு. நீராவி எஞ்சின் நின்ற நிலையிலிருந்தே பலமாக இழுக்கும். டீசல் எஞ்சினோ சுழலத் தொடங்கிய பின்னரே முறுக்குவிசை தரும். அதை நேரடியாகச் சக்கரத்தோடு பிணைத்தால் திணறி நின்றுவிடும்.

இடைநின்று உதவும் டார்க் கன்வெர்ட்டர் பிறந்தது காரில் அன்று, கப்பலில். ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகர வல்கன் கப்பல்கட்டுந்தளத்தில் பணியாற்றிய ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நீராவிச் சுழலி விரைந்து சுழல விரும்பும். கப்பலின் உந்துவிசிறி மெல்லச் சுழன்றால்தான் பயன். இரண்டுக்கும் இணக்கம் காண அவர் திரவத்தை நாடினார். பிற்பாடு பல்சக்கரங்கள் மேம்பட்டுக் கடலில் அதனை வென்றன, கருவி கரையேறியது.

தொழில்நுட்ப வரலாற்றை உறுப்புகளின் பட்டியலாக எழுதும் நம் வழக்கம் இங்கே தடுமாறுகிறது. உள்வால்வைத் தாமதமாக மூடும் கேம்ஷாஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். மெதுவான சுழற்சியில், உள்ளே வந்த காற்றின் ஒரு பகுதி வெளியே தள்ளப்படுகிறது. ஏட்டிலுள்ள அழுத்தவிகிதம் சிலிண்டருக்குள் முழுமையாகக் கிட்டாது. ஆகவே அத்தகைய கேமுக்கு உயர்ந்த அழுத்தவிகிதமும், எஞ்சின் வேகம் பிடிக்கும்வரை வழுக்கிக்கொடுக்கும் கன்வெர்ட்டரும் தேவை. மெல்ல நகரும் ஷண்டருக்கு இந்தக் கேம் உதவாது. எழுவாய் மாறினால் வினைமுற்றின் விகுதியும் மாறவேண்டும் அல்லவா, ஏறக்குறைய அப்படித்தான். (மொழியியல் படித்தவனுக்கு வேறு உவமை தோன்றாது.)

இந்தியாவில் இவ்விணக்கத்தை ஆழ்ந்து சிந்தித்தவர் மன்மோகன் சூரி. பின்னாளில் துர்காபூரின் மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை வழிநடத்தியவர். கன்வெர்ட்டர் கிளம்புகையில் விசையைப் பெருக்கும்; ஆனால் ஓட்டத்தில் ஆற்றலை வெப்பமாக விரயம் செய்யும். திரவ இணைப்பி விசையைப் பெருக்காது. எனினும் ஓட்டத்தில் இழப்பு சொற்பம். கிளம்ப ஒன்று, ஓட மற்றொன்று என இரண்டையும் ஒரே அமைப்பில் சேர்த்தார் அவர். 1960-களின் பிற்பகுதியில் சித்தரஞ்சன் தொழிற்சாலை உருவாக்கிய டபிள்யூ.டி.எஸ்-4 ஷண்டர்களில் இடம்பெற்றது இந்தச் சூரி செலுத்தமே. முதன்மைப் பாதைகளை மின்செலுத்தம் கொண்ட டபிள்யூ.டி.எம்-2 கைப்பற்றியதால் அவர் பெயர் யார்டுகளோடு ஒதுங்கிப்போனது.

யார்டுகளிலோ பணிமனைகளிலோ வேலை பார்த்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருப்பின், இக்கருவியைத் தமிழிலோ மலையாளத்திலோ என்ன சொல்லால் அழைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அச்சொற்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.