மண்பாதை விசையுந்தின் எரிபொருள் பழுதறிதல்

மண்பாதை விசையுந்தின் எரிபொருள் பழுதறிதல் என்பது, ஓடும்போதோ நிற்கும்போதோ எந்திரம் தானாக அணைந்துவிடும் விசையுந்து ஒன்றில், பெட்ரோல் தொட்டிக்கும் உருளைக்கும் இடையே எந்த இடத்தில் தடையோ கசிவோ உள்ளது என்பதை வரிசையாகச் சோதித்துக் கண்டறியும் முறையாகும். இக்கோளாறு பட்டறை வழக்கில் "பெட்ரோல் அடைப்பு" என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பெரும்பாலும் பழி கார்புரேட்டர் மீதே விழுகிறது. ஆனால் கார்புரேட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள எளிய உறுப்புகளே பல வேளைகளில் காரணமாக அமைகின்றன. எனவே கார்புரேட்டரின் திருகாணிகளில் கைவைப்பதற்கு முன் பெட்ரோல் செல்லும் வழியைத் தொட்டியிலிருந்து தொடங்கிச் சோதிப்பதே முறை. திருகாணியை முதலில் திருப்பிவிட்டால் பழைய பழுதுடன் புதிய பழுதும் சேர்ந்துகொள்ளும்.

பின்னணி

டர்ட் பைக் எனப்படும் போட்டி வண்டிகள் மதுரை வட்டாரத்தில் அரிது. ஆயினும் கண்மாய்க்கரை, ஓடை, வண்டிப்பாதை ஆகியவற்றில் சாதாரண விசையுந்துகளே அவ்வேலையைச் செய்கின்றன. மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணும் திருமங்கலத்துக்குத் தெற்கே உள்ள கரிசல் மண்ணும் கோடையில் நுண்ணிய தூசாக எழுகின்றன. 1985 முதல் 1996 வரை விற்பனையான யமஹா ஆர்.எக்ஸ். 100, 2011 இல் வந்த ஹீரோ இம்பல்ஸ், 2016 இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனின் முதல் வடிவம் ஆகியவை கார்புரேட்டர் கொண்டவை. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய விசையுந்துகளில் எரிபொருள் உட்செலுத்தல் முறை பரவலாயிற்று. எனினும் அதற்கு முந்தைய வண்டிகள் இன்றும் ஏராளமாக ஓடுகின்றன.

எரிபொருளுக்கு ஏற்ப எந்திரத்தை இசைவிக்கும் தொழிலில் மதுரைக்குப் பழைய தொடர்பு உண்டு. 1911 இல் மதுரையில் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனம், இரண்டாம் உலகப் போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது, பேருந்துகளைக் கரிவாயுவில் ஓட்டுவதற்கான கலன்களைச் செய்து அளித்தது.

அணையும் விதம்

எந்திரம் எப்படி அணைகிறது என்பதே முதல் தடயம். விளக்கை அணைத்தாற்போல் ஒரே நொடியில் நின்றால் மின்பொறி அமைப்பை ஐயுற வேண்டும். தீப்பொறிச் சுருள் சூடேறியதும் செயலிழந்து, ஆறியதும் மீள்வது பழைய வண்டிகளில் காணப்படுவது. மாறாக, திக்கித் திணறி, இழுவை குறைந்து, சில நொடிகளில் அணைந்தால் பெட்ரோல் பற்றாக்குறையே வாய்ப்புள்ள காரணம்.

அடுத்து, ஆக்சிலேட்டரின் எந்நிலையில் அணைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஐட்லிங்கில் மட்டும் நின்றால் ஸ்லோ ஜெட் அல்லது காற்றுக் கசிவு. முழுதாகத் திருகும்போது திணறினால் மெயின் ஜெட் அல்லது தொட்டியிலிருந்து வரும் பாய்வின் குறை. சில கிலோமீட்டர் நன்றாக ஓடி நின்று, ஐந்து நிமிடம் கழித்து ஒன்றும் நடவாததுபோல் கிளம்பினால், பெரும்பாலும் தொட்டியின் மூடியையே பார்க்க வேண்டும்.

தொட்டியும் குழாயும்

தொட்டியில் பெட்ரோல் குறையக் குறைய அவ்விடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். பல வண்டிகளில் இதற்கான சிறு துளை மூடியிலேயே உள்ளது. அத்துளை மண்ணால் அடைபட்டால் தொட்டிக்குள் அழுத்தம் குறைந்து பெட்ரோல் இறங்காது. வண்டி நின்றவுடன் மூடியைத் திறந்தால் "உஸ்" என்று காற்று உள்ளிழுக்கப்படும் ஒலி கேட்பதும், அதன்பின் வண்டி ஓடுவதும் இதற்கு அடையாளம். செலவே இல்லாத இச்சோதனை பலராலும் மறக்கப்படுவது வியப்பே.

பெட்ரோல் காக்கில் இரண்டு வாய்கள் உண்டு. ரிசர்வ் நிலையில் ஓடி, வழக்கமான நிலையில் மட்டும் நின்றால், பெட்ரோல் மட்டம் குறைந்துள்ளது அல்லது மேல்வாயின் வலை அடைபட்டுள்ளது. துரு அடியில் தங்குவதால், ரிசர்வில் ஓட்டும்போது மட்டும் நிற்பதும் உண்டு. அடுத்ததாக, கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி, நிறமற்ற கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பார்க்கலாம். பெட்ரோல் அறுபடாத இழையாக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் தடை மேலே உள்ளது. சில வண்டிகளின் காக், எந்திரத்தின் உறிஞ்சலால் மட்டுமே திறப்பது. அவற்றில் எந்திரம் ஓடாதபோது பெட்ரோல் வராதது பழுதன்று.

பெட்ரோல் ஆவி காற்றைவிட அடர்த்தியானது. தரையோடு பரவி, தொலைவில் உள்ள அடுப்பிலும் தீப்பற்றும். எனவே இச்சோதனைகளைத் திறந்த வெளியில், எந்திரம் ஆறிய பின்னரே செய்ய வேண்டும். குழாயில் வாய்வைத்து உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் வழக்கம் மிகவும் ஆபத்தானது. ஒரு மிடறு நுரையீரலுக்குள் சென்றாலும் கடும் அழற்சி ஏற்படும். விழுங்கிவிட்டவரை வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மிதவைக் கிண்ணம்

கார்புரேட்டரின் அடியில் உள்ள கிண்ணத்தில் பெட்ரோல் ஒரே மட்டத்தில் நிற்குமாறு மிதவையும் ஊசி அடைப்பானும் பார்த்துக்கொள்கின்றன. கிண்ணத்தின் வடிதிருகைத் தளர்த்திச் சிறிது பெட்ரோலைப் புட்டியில் பிடித்தால், தண்ணீர் இருப்பின் அடியில் தனி முத்துகளாகத் தெரியும்; செம்மண்ணும் துருவும் அடியில் படியும். ஊசியின் இருக்கையில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் அடைப்பு முழுமை பெறாது, பெட்ரோல் வழிந்து ஓடும். ஊசி மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டால் கிண்ணம் வறளும்.

மண்பாதைக்கே உரிய பழுது கிண்ணத்தின் காற்றுக் குழல்களில் நேர்வது. கார்புரேட்டரின் பக்கங்களிலிருந்து கீழே தொங்கும் மெல்லிய குழல்கள் வழியாகவே கிண்ணம் வெளிக்காற்றோடு தொடர்பு கொள்கிறது. ஓடையையோ நிரம்பிய கண்மாய்க் கலுங்கையோ கடக்கும்போது அவற்றின் முனைகள் நீரில் மூழ்கினால், கிண்ணத்திற்குள் காற்று வர வழியின்றிப் பெட்ரோல் இறங்குவது தடைபட்டு எந்திரம் அணையும். கரையேறிச் சிறிது நேரத்தில் சரியாகிவிடும். சேறு உலர்ந்து முனையை அடைத்தாலோ பழுது தொடரும். ஒரு குழலைக் கிளைபிரித்து இருக்கையின் அடிவரை மேலே கொண்டுசெல்வது போட்டி வண்டிகளில் வழக்கமான தீர்வு.

ஜெட்டுகளும் சோக்கும்

ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. ஆகவே முதலில் அடைபடுவது அதுவே. வெளியூரில் பணிபுரிவோர் ஊரில் விட்டுச்சென்ற வண்டி, பொங்கல் விடுமுறையில் கிளப்பும்போது நின்று நின்று போவதற்கு இதுவே வழக்கமான காரணம். பல மாதம் நின்ற வண்டியில் பெட்ரோலின் இலகுவான கூறுகள் ஆவியாகி, எஞ்சியது பிசினாகத் துளையில் படிகிறது.

சோக் ஒரு நல்ல சோதனைக் கருவியும் ஆகும். சோக்கை இழுத்ததும் எந்திரம் சீராக ஓடினால் கலவையில் பெட்ரோல் குறைவு என்றும், மேலும் திணறினால் பெட்ரோல் மிகுதி என்றும் கொள்ளலாம். தீப்பொறிச் செருகியின் முனையும் இதையே சொல்லும்: வெளிறிய வெள்ளை பற்றாக்குறையையும், கரிபடிந்த கருமை மிகுதியையும், இளம் பழுப்பு சரியான கலவையையும் காட்டும்.

ஜெட்டை பிரேக் கம்பியின் ஒற்றை இழையால் குத்துவது பட்டறைகளில் காணப்படும் வழக்கம். எஃகு இழை பித்தளையைச் சுரண்டித் துளையைப் பெரிதாக்கும். பின் எந்தத் திருகாணியாலும் கலவையைச் சரிசெய்ய முடியாது. கரைப்பானில் ஊறவைத்து அழுத்தக் காற்றால் ஊதுவதே போதும். ஜெட் சுத்தமாக இருந்தும் பற்றாக்குறை தொடர்ந்தால், கார்புரேட்டரையும் எந்திரத்தையும் இணைக்கும் ரப்பர் குழாயில் வெடிப்பு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். ஐட்லிங்கில் அதன்மேல் சிறிது நீரைத் தெளிக்கும்போது ஓட்டம் மாறினால் அங்கே காற்று கசிகிறது. பெட்ரோலைத் தெளித்துச் சோதிப்பது தீவிபத்துக்கு வழி.

பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓட்டும் ஈரடி எந்திரங்களில் பற்றாக்குறையைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. பெட்ரோல் குறைந்தால் மசகெண்ணெயும் குறைந்து, உந்துதண்டு சூடேறி உருளையில் பிடித்துக்கொள்ளும்.

காற்று, வெப்பம், எத்தனால்

தூசடைந்த காற்று வடிகட்டி கலவையில் பெட்ரோலை மிகுவித்துக் கரும்புகை எழுப்பும். வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டினால் புகை நிற்கும். ஆனால் மண் நேராக உருளைக்குள் செல்லும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரமுள்ள மதுரையில் இசைவித்த வண்டி, 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலில் அடர்த்தி குறைந்த காற்றால் திணறுவது பழுதன்று. கத்திரி வெயிலில் நிறுத்திய வண்டி உடனே கிளம்ப மறுப்பதற்கு, எந்திரச் சூட்டில் கிண்ணத்துப் பெட்ரோல் கொதிப்பது காரணமாகலாம்.

2025 அளவில் இந்தியாவில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு எட்டப்பட்டது. தூய பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய எடையளவில் 14.7 பங்கு காற்று தேவை. எத்தனாலுக்கு 9 பங்கே போதும். எனவே பழைய ஜெட் அளவுகளில் இக்கலவை சற்றே பெட்ரோல் குறைந்ததாக நடந்துகொள்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் சேர்ந்து தொட்டியின் அடியில் தனியே பிரியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீண்டநாள் நின்ற வண்டியில் இதை எதிர்பார்க்கலாம். பழைய ரப்பர்க் குழாய்கள் இக்கலவையில் உப்பி மென்மையாகக்கூடும்.

உட்செலுத்தல் முறை வண்டிகள்

இவற்றில் சாவியைத் திருப்பியதும் தொட்டிக்குள் உள்ள மின் எக்கி இரண்டு மூன்று நொடி இரைய வேண்டும். ஒலி இல்லையெனில் உருகி, மின்னிணைப்பு, எக்கி என்ற வரிசையில் பார்க்கலாம். குழாயில் பெட்ரோல் அழுத்தத்தில் இருப்பதால், கார்புரேட்டர் வண்டியில் செய்வதுபோல் அதைக் கழற்றிப் பார்ப்பது கூடாது. எச்சரிக்கை விளக்கு மின்னும் எண்ணிக்கை பல வண்டிகளில் பழுதின் குறியீடாகும். அதன் பொருள் அவ்வண்டியின் கையேட்டில் இருக்கும். சறுக்கி விழுந்த வண்டி தூக்கி நிறுத்திய பின்னும் கிளம்பாவிட்டால் எக்கியைக் குறைசொல்வதற்கில்லை. சாய்வை உணரும் கருவி எந்திரத்தை நிறுத்தியிருக்கும். சாவியை ஒருமுறை அணைத்துத் திறந்தால் மீண்டும் கிளம்பும்.