பத்தாம் வகுப்பை விட்டுப் போன பரிணாமம்: புணேயை முன்வைத்து ஒரு பாடநூல் வரலாறு

புணே நகரின் மேற்கு விளிம்பில் இருக்கும் பாணேரில் ஒரே அடுக்ககத்தில் குடியிருக்கும் இரண்டு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் அறிவியல் நூல்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மாநில வாரியப் பள்ளியில் படிக்கிறார். அவருடைய ‘அறிவியலும் தொழில்நுட்பமும்’ இரண்டாம் பகுதி நூலில் முதல் பாடமே ‘மரபும் பரிணாமமும்’. அடுத்த வீட்டுப் பிள்ளை படிப்பது சிபிஎஸ்இ பள்ளியில். அவர் படிக்கும் மத்திய அரசின் என்சிஇஆர்டி நூலிலும் முன்பு இதே தலைப்பில் ஒரு பாடம் இருந்தது. 2023இல் அச்சான பதிப்பில் அதன் பெயர் ‘மரபு’ மட்டுமே. பரிணாமம் தலைப்பிலும் இல்லை, உள்ளேயும் இல்லை.

அரசின் மதச்சார்பு என்ற ஒற்றைக் காரணத்தைச் சொல்லிப் பலரும் இந்த நீக்கத்தைக் கடந்துவிடுகிறார்கள். அந்தக் காரணத்தை இக்கட்டுரை மறுக்கவில்லை, போதாது என்கிறது. அமெரிக்காவில் பரிணாமப் பாடத்தை எதிர்த்தவர்கள் சட்டம் இயற்றினார்கள், வழக்காடினார்கள், தோற்றார்கள், மறுபடி வந்தார்கள். டென்னசி மாநிலத்தின் டேட்டன் நகரில் 1925 ஜூலையில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதித்த வழக்கிலிருந்து, 2005 டிசம்பரில் டோவர் பள்ளி வாரியத்துக்கு எதிராக வந்த தீர்ப்பு வரை எல்லாமே பகிரங்கமாக நடந்தவை. இந்தியாவில் அப்படிப் பெரிய வழக்கு எதுவும் நடக்கவில்லை. இங்கே பரிணாமத்தைப் பெரும்பாலோர் எதிர்க்கவில்லை, தங்களுடையது என்று தழுவிக்கொண்டார்கள். அந்தத் தழுவல்தான் பாடத்துக்குக் காவல் இல்லாமல் செய்தது என்பது என் வாதம்.

தழுவியவர்களும் மறுத்தவர்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் புணேயின் படித்த வட்டாரத்துக்குப் பரிணாமம் வந்து சேர்ந்தது பெரும்பாலும் ஆங்கிலத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர் வழியாகத்தான். கோபால் கணேஷ் ஆகர்கர் ஸ்பென்சரிலும் மில்லிலும் தோய்ந்தவர். 1884இல் டெக்கான் கல்விச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். 1888இல் ‘சுதாரக்’ இதழைத் தொடங்கியவர். பிறகு ஃபெர்குசன் கல்லூரியின் முதல்வர். அவருக்குப் பரிணாமம் சமூகச் சீர்திருத்தத்துக்கான கருவி: சமூகம் மாறியே வந்திருக்கிறது, இனியும் மாறும். குழந்தை மணத்தையும் கைம்பெண் ஒடுக்குமுறையையும் எதிர்க்க அது உதவியது. உயிரினங்கள் எப்படிக் கிளைத்தன என்ற உயிரியல் கேள்விக்கு அந்த விவாதத்தில் இடம் சிறிது.

அதே ஊரில் ஜோதிராவ் ஃபுலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூல் விஷ்ணுவின் அவதாரங்களை வேறு விதமாக வாசித்தது. மீனும் ஆமையும் பன்றியும் இந்த மண்ணின் மக்களை வென்று அடக்கிய படையெடுப்பாளர்களின் கதைகள் என்றார் ஃபுலே. நான்கே ஆண்டுகளில், 1877இல், நியூயார்க்கில் வெளியான ‘ஐசிஸ் அன்வெய்ல்டு’ நூலில் ஹெலினா பிளாவட்ஸ்கி அதே அவதார வரிசையை டார்வினுக்கு முன்னோடியாகக் காட்டினார். நீரில் மீன், நீரிலும் நிலத்திலும் ஆமை, நிலத்தில் பன்றி, பாதி விலங்கான நரசிங்கம், குள்ள வாமனன், பிறகு முழு மனிதர். இந்த ஒப்பீட்டைப் பழைய சாத்திரங்களின் முடிவு என்று நம்புகிறவர்கள் அது எங்கே அச்சானது என்பதைக் கவனிப்பதில்லை. பிளாவட்ஸ்கியின் தியசாபிகல் சங்கம் 1882இல் அடையாற்றுக்குக் குடிவந்தது. கருத்தும் நாடெங்கும் பரவியது. பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென் அதைப் பேசினார். பின்னாளில் ஜே. பி. எஸ். ஹால்டேன் போன்ற முதல்தர உயிரியலாளரே அதைச் சுவையான ஒப்புமையாகக் குறிப்பிட்டார். 2019 ஜனவரியில் ஜலந்தரில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஜி. நாகேஸ்வர ராவ், தசாவதாரம் டார்வினைவிடச் சிறந்த விளக்கம் என்றே அறிவித்தார். ஹால்டேனிடம் ஒப்புமையாக இருந்தது இங்கே மாற்றாகிவிட்டது.

தமிழ் வாசகர்கள் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர முடியாது. சிவபுராணத்தின் பிறவிப் பட்டியலையும் தொல்காப்பிய மரபியலின் அறிவு வரிசையையும் டார்வினுக்கு முந்திய பரிணாமம் என்று சொல்லும் மேடைகள் நம்மிடமும் குறைவில்லை. முன்னது ஓர் உயிர் பல பிறவி எடுப்பதைச் சொல்கிறது. பின்னது உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கைப்படி வகுக்கிறது. இரண்டும் அழகானவை. ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனம் கிளைத்தது என்று இரண்டுமே சொல்லவில்லை.

விவேகானந்தரின் வழி இன்னும் நுட்பமானது. 1898இல் கல்கத்தா விலங்குக் காட்சிசாலையின் கண்காணிப்பாளர் ராம்பிரம்ம சான்யாலுடன் டார்வினைப் பற்றி உரையாடியபோது, விலங்குலகில் போட்டி செயல்படுவதை ஏற்றுக்கொண்டு, மனிதனின் வளர்ச்சிக்குப் பதஞ்சலியின் விளக்கத்தை முன்வைத்தார். அரவிந்தர் அதை ஒரு முழுத் தத்துவமாகவே விரித்தார். பரிணாமம் ஆன்மாவின் ஏற்றமாயிற்று.

மறுத்தவர்களும் இருந்தார்கள். 1881இல் ஹைதராபாத்தில் இஸ்லாமியச் சிந்தனையாளர் ஜமாலுத்தீன் அஃப்கானி பாரசீக மொழியில் வெளியிட்ட பொருள்முதல்வாத மறுப்பு நூல் டார்வினைக் கேலி செய்தது. தலைமுறை தலைமுறையாக வாலை வெட்டினால் நாய் வாலில்லாமல் பிறக்கும் என்றால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விருத்தசேதனம் செய்துவரும் யூதர்க்கும் அரபியர்க்கும் ஏன் அப்படிப் பிள்ளை பிறப்பதில்லை என்று கேட்டார். கேள்வி கூர்மையானது, இலக்குதான் பிசகு. வாழ்நாளில் பெற்ற மாற்றம் பிள்ளைக்குப் போகும் என்ற கொள்கையைத்தான் அது தாக்குகிறது. இயற்கைத் தேர்வு அதை நம்பி நிற்கவில்லை. என்சிஇஆர்டியின் பழைய பாடத்தில் அஃப்கானிக்கு விடை போல ஒரு பத்தி இருந்தது: எலிகளின் வாலைத் தலைமுறைதோறும் அறுவை செய்து நீக்கினாலும் குட்டிகள் வாலோடுதான் பிறக்கும், ஏனெனில் கருவணுக்களின் மரபணு மாறவில்லை.

இன்னொரு மறுப்பு ஆர்ய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரஸ்வதியுடையது. அவர் 1875இல் புணேயில் தங்கித் தொடர் சொற்பொழிவு ஆற்றியவர். ‘சத்யார்த்த பிரகாஷ்’ நூலின் எட்டாம் அத்தியாயத்தின்படி முதல் மனிதர்கள் திபெத்தில், இளம் வயதினராகவே, பலராகப் படைக்கப்பட்டார்கள். ஆர்ய சமாஜக் கணக்கில் படைப்பு நிகழ்ந்து ஏறத்தாழ 196 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்கப் படைப்புவாதிகளில் ஒரு சாரார் பூமிக்குச் சில ஆயிரம் ஆண்டு வயதுதான் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். இங்கே காலத்துக்குப் பஞ்சமில்லை. மனிதன் தொடக்கம் முதலே மனிதன் என்பதில்தான் முரண்.

2018: அமைச்சரின் பேச்சு

இந்தப் பின்னணி தெரியாவிட்டால் சத்யபால் சிங்கின் பேச்சு வெறும் உளறலாகத் தோன்றும். வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். புணேயிலும் பிறகு மும்பையிலும் காவல் ஆணையராக இருந்தவர். ஆர்ய சமாஜப் பின்புலம் கொண்டவர். மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சராக இருந்தபோது, 2018 ஜனவரியில் ஔரங்காபாத்தில் நடந்த வைதிக மாநாட்டை ஒட்டி, டார்வின் கோட்பாடு அறிவியல்படி தவறு என்றார். குரங்கு மனிதனாக மாறியதைப் பார்த்ததாக நம் முன்னோர் எவரும் எழுதவில்லை, பூமியில் தோன்றிய நாள் முதல் மனிதன் மனிதனாகவே இருந்தான், பள்ளி கல்லூரிப் பாடங்களை மாற்ற வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம்.

மறுமொழி உடனே வந்தது. நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து அறிக்கை விட்டன. பாடத்திட்டத்திலிருந்து பரிணாமத்தை நீக்குவதும், அறிவியல் அல்லாத விளக்கங்களையோ புராணங்களையோ கலந்து அதை நீர்த்துப்போகச் செய்வதும் பின்னோக்கிய நடை என்றன. துறை அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகர் (இவர் புணேக்காரர்) இணையமைச்சரை இப்படிப் பேச வேண்டாம் என்று தடுத்தார். விவாதம் சில நாளில் ஓய்ந்தது. அறிவியலாளர்கள் வென்றுவிட்டதாகவே பலரும் எண்ணினோம்.

புணேயில் இந்த விவாதத்துக்கு இன்னொரு கனமும் இருந்தது. மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று காலை நடையின்போது ஓங்காரேஸ்வர் பாலத்தருகே சுட்டுக் கொல்லப்பட்டது இங்கேதான். 2018 முதல் அந்த நாளை மக்கள் அறிவியல் இயக்கங்கள் தேசிய அறிவியல் மனப்பான்மை நாளாகக் கடைப்பிடிக்கின்றன.

2023: சுமைக் குறைப்பு

அமைச்சர் மேடையில் கேட்டது நடக்கவில்லை. அவர் பதவியில் இல்லாத காலத்தில், வேறொரு காரணத்தின் பெயரில், அதில் ஒரு பகுதி நடந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர்களின் சுமையைக் குறைக்கப் பல பாடங்கள் தற்காலிகமாக விலக்கப்பட்டன. பத்தாம் வகுப்பின் பரிணாமப் பகுதியும் அதில் அடங்கியது. பிறகு என்சிஇஆர்டி ‘பாடப் பொருள் சீரமைப்பு’ என்ற பெயரில் விலக்கலை நிலையாக்கியது. பாடங்கள் ஒன்றோடொன்று மேற்படிவது, கடினம், இன்றைய சூழலுக்குப் பொருந்தாமை ஆகியவை பொதுக் காரணங்களாகக் காட்டப்பட்டன. தனிம வரிசை அட்டவணையும் பத்தாம் வகுப்பிலிருந்து போயிற்று. அந்த அட்டவணையை வகுத்த மெண்டலீவோடு எந்த மதத்துக்கும் பகையில்லை என்பதால், இது முழுக்க மதச் சதி என்ற வாதம் இந்த இடத்தில் தடுமாறுகிறது.

2023 ஏப்ரலில் பிரேக்த்ரூ அறிவியல் கழகத்தின் முன்முயற்சியில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்ட கடிதம் வெளியானது. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறதே என்று அரசுத் தரப்பு பதில் சொன்னது. அது உண்மைதான். ஆனால் பதினொன்றில் உயிரியலை எடுக்கிறவர்கள் ஒரு பகுதியினரே. பொறியியலுக்கும் வணிகத்துக்கும் கலைக்கும் போகிறவர்களுக்கு உயிரியலின் கடைசி வாசல் பத்தாம் வகுப்பு. நாளைய நீதிபதி, பத்திரிகையாளர், கல்வி அதிகாரி எல்லாரும் அந்த வாசல் வழியேதான் வெளியேறுகிறார்கள்.

நீக்கப்பட்ட பக்கங்கள் எப்படிப்பட்டவை என்று பார்க்காமல் நீக்கத்தின் கனம் புரியாது. பச்சைப் புதரில் பன்னிரண்டு சிவப்பு வண்டுகள். காகங்கள் அவற்றைத் தின்கின்றன. இனப்பெருக்கத்தில் தற்செயலாக ஒரு பச்சை வண்டு பிறக்கிறது. காகத்தின் கண்ணுக்கு அது எளிதில் படாததால் அதன் வழித்தோன்றல்கள் பெருகுகின்றன. இது இயற்கைத் தேர்வு. அடுத்த கதையில் பிறப்பது நீல வண்டு. சிவப்பைப் போலவே நீலத்தையும் காகம் பார்த்துவிடும், அதனால் அனுகூலம் எதுவுமில்லை. ஆனால் ஒரு யானை வந்து புதரை மிதிக்கிறது, தப்பிய சில வண்டுகளில் பெரும்பாலானவை நீலம், கூட்டமே நீலமாகிறது. தகுதியால் அல்லாமல் தற்செயலாலும் இனங்கள் மாறும் என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாகச் சொன்ன பாடத்தை நான் படித்ததில்லை. மூன்றாவது கதையில் செடிகளுக்கு நோய், வண்டுகள் மெலிகின்றன. செடி தேறியதும் அடுத்த தலைமுறை பழைய எடைக்கே திரும்புகிறது. பெற்ற மாற்றம் கடத்தப்படுவதில்லை.

இதற்குப் பிறகு காட்டு முட்டைக்கோசிலிருந்து உழவர்கள் தேர்ந்து வளர்த்த காலிஃபிளவரும் நூல்கோலும் வரும். அதன் பின், பரிணாமத்தை முன்னேற்றமாகக் கருதக் கூடாது என்று ஒரு பகுதி. ஸ்பென்சர் முதல் அரவிந்தர் வரை நம் நாட்டில் நூறாண்டுக்கு மேல் வேரூன்றிய புரிதலுக்கு நேரான மறுப்பு அது. தசாவதார ஒப்புமை நிற்பதே கீழிருந்து மேலே ஏறும் படிக்கட்டின் மீதுதான். மதவாதிகளுக்கு டார்வினைவிட அந்தப் பகுதிதான் உறுத்தியிருக்க வேண்டும். அவர்கள் அதைப் படித்திருந்தால்!

அதே பாடத்தின் புதைபடிவப் படங்களில் ராஜாசாரஸ் மண்டையோடு ஒன்று. குஜராத்தின் ரஹியோலியில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு 2003இல் பெயரிடப்பட்ட இந்திய டைனோசர். அது வாழ்ந்தது டெக்கான் எரிமலைக் குழம்பு பரவிய காலத்தை ஒட்டி, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். பாணேர்க் குன்றின் கரும்பாறை அந்தக் குழம்பு உறைந்ததுதான்.

சேனாபதி பாபட் சாலையிலிருந்து

மகாராஷ்டிரத்தின் பாடநூல் நிறுவனமான பாலபாரதி 1967இல் தொடங்கப்பட்டது. அதன் அலுவலகம் பாணேரிலிருந்து சில கிலோமீட்டரில், சேனாபதி பாபட் சாலையில். 2018இல் அது வெளியிட்ட பத்தாம் வகுப்பு நூல்தான் பரிணாமத்தை முதல் பாடமாக வைத்தது. சான்றுகளை வகை வகையாக அடுக்குகிறது: உடலமைப்பு, பயனிழந்த உறுப்புகள், புதைபடிவங்கள், கரு வளர்ச்சி. வளைதசைப் புழுக்களுக்கும் கணுக்காலிகளுக்கும் இடையிலான கண்ணியாகப் பெரிபேட்டஸ், ஊர்வனவற்றுக்கும் பாலூட்டிகளுக்கும் இடையில் வாத்தலகி. டார்வினோடு லாமார்க்கும் உண்டு. மனிதப் பரிணாமமும் உண்டு. என்சிஇஆர்டியின் வண்டுக் கதைகள் அளவுக்கு இதில் சிந்தனை ஓட்டம் இல்லை, மனப்பாடத்துக்கு வசதியான நடைதான். ஆனாலும் பாடம் இருக்கிறது. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலும் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ தனி அலகாக நிற்கிறது.

திராவிடக் கட்சிகள் ஆண்டுவந்த சென்னையிலும், பாஜக கூட்டணி ஆட்சியில் இருந்தபோது நூல் வெளியிட்ட புணேயிலும் பாடம் இருப்பதும், தில்லியில் இல்லாமல் போனதும் கட்சிக் கணக்கில் அடங்காத விஷயம். மாநில நூல்களை எழுதிய குழுக்கள் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் பிள்ளைகளை மனத்தில் வைத்திருக்கலாம். தில்லியின் சீரமைப்பு, எல்லாப் பிள்ளைகளும் பன்னிரண்டாம் வகுப்பு அறிவியலுக்கு வருவார்கள் என்ற பாவனையில் நடந்தது. நீக்கத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அறிவியலாளர்களும் ஆசிரியர்களுமே, பெற்றோர் அல்ல. பாணேரின் சிபிஎஸ்இ பெற்றோருக்கு பாடச் சுமை குறைந்ததில் நிம்மதி. பரிணாமம் நம் சாத்திரத்திலேயே இருக்கிறது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அது பாடநூலில் இல்லாமல் போனது இழப்பாகத் தோன்றவில்லை.

2025 மார்ச்சில் மகாராஷ்டிரப் பள்ளிக் கல்வி அமைச்சர் தாதா புசே, மாநில வாரியப் பள்ளிகளில் சிபிஎஸ்இ முறையை முதல் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகக் கொண்டுவரப்போவதாக அறிவித்தார். மராத்தி மொழிக்கும் மகாராஷ்டிர வரலாற்றுக்கும் என்ன ஆகும் என்று உடனே கேள்விகள் எழுந்தன, அரசும் அவற்றுக்கு உறுதிமொழி தந்தது. அந்த மாற்றம் பத்தாம் வகுப்பை எட்டும்போது அறிவியல் நூலின் முதல் பாடம் என்ன ஆகும் என்ற கேள்வி அந்த விவாதத்தில் பெரிதாக எழவில்லை.