இரு மேக்னான் இராமன் சிதறல்

இரு மேக்னான் இராமன் சிதறல் என்பது, காந்தப் பொருளொன்றில் படும் ஒளி அதனுள் இரண்டு தற்சுழற்சி அலைகளை (மேக்னான்களை) எழுப்பி, அதற்கான ஆற்றலை இழந்து சிதறும் நிகழ்வாகும். 1928 இல் கொல்கத்தாவில் ச. வெ. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கண்டறிந்த இராமன் விளைவின் ஒரு வகை இதுவாகும்.

செயல்முறை

செப்பு ஆக்சைடுத் தளங்களில் அடுத்தடுத்த செப்பு அயனிகளின் தற்சுழற்சிகள் எதிரெதிர்த் திசைகளில் அமைந்துள்ளன. ஒளி, அண்டையிலுள்ள இரு தற்சுழற்சிகளைப் புரட்டுகிறது. ஒளியின் உந்தம் மிகச் சிறிது. ஆதலால் தோன்றும் இரு மேக்னான்களும் எதிரெதிர் உந்தங்களைக் கொண்டிருக்கும். சதுரத் தளத்தில் இப்புரட்டல் ஆறு பிணைப்புகளைக் குலைப்பதால், நிறமாலை முகடு பரிமாற்ற ஆற்றலின் ஏறத்தாழ மூன்று மடங்கில் அமைகிறது. இலாந்தனம் செப்பு ஆக்சைடில் முகடு சுமார் 3200 செ.மீ⁻¹ இல் உள்ளது; இதிலிருந்து பரிமாற்ற ஆற்றல் சுமார் 1500 கெல்வின் எனக் கணிக்கலாம்.

வரலாறு

1968 இல் ஃப்ளூரி, லௌடன் ஆகியோர் இதன் கோட்பாட்டை வகுத்தனர். இலாந்தனம் செப்பு ஆக்சைடில் இச்சிதறல் 1988 இல் பெல் ஆய்வகத்தில் அளக்கப்பட்டது. 1990 இல் இந்திய இயற்பியலாளர் சிறீராம் சாஸ்திரியும் போரிஸ் ஷ்ரைமனும் ஹப்பார்டு மாதிரியிலிருந்து அக்கோட்பாட்டை வருவித்தனர்.

முக்கியத்துவம்

நியூத்திரன் சிதறலுக்குப் பெரிய படிகங்கள் தேவை; இம்முறைக்குச் சிறு படிகமே போதும். ஏணி வடிவச் செப்பு ஆக்சைடுகளும் இவ்வாறு ஆராயப்பட்டுள்ளன. மின்னூட்டத் துளைகளைச் சேர்த்து மீகடத்தியாக்கும்போது முகடு அகன்று மங்குகிறது. உயர்வெப்ப மீகடத்தியில் எலக்ட்ரான்களை இணையாக்குவது காந்த அலைவுகளே என்பது இன்னும் உறுதியாகவில்லை. அவ்வினாவுக்கு விடை தேடும் வழிகளுள் இதுவும் ஒன்று.