பாதியில் நின்ற போர்வை

கல்வெட்டிலும் செப்பேட்டிலும் வரலாற்றைத் தேடிப் பழகியவர்கள் நாம். கல்லில் பெயர் பொறிக்க வாய்ப்பில்லாதோரும் இம்மண்ணில் வாழ்ந்து மறைந்திருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய வரலாற்றைத் துணியில்தான் தேடவேண்டும். ஊசியே அவர்களுக்கு எழுத்தாணி.

ஊத்துக்குளியிலுள்ள நம் இல்லத்துப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நெடுங்காலமாகத் திறவாமற் கிடந்தது. மர்ஹூமா நம் அன்னையாரின் பெட்டி அது. அண்மையில் அதைத் திறந்தபோது, மடித்து வைத்த ஓர் ஒட்டுப் போர்வை கிடைத்தது. பழஞ்சேலைகளை அடுக்கி, இடையிடையே பனியன் துணித் துண்டுகளை ஒட்டித் தைத்தது. பாதிக்குமேல் தையல் இல்லை. தையல் நின்ற இடத்தில் ஊசி குத்தியபடியே இருந்தது. துருப்பிடித்துத் துணியில் பழுப்புக் கறை படிந்திருந்தது. முதல் பேத்திக்கென்று அவர் தொடங்கிய போர்வை அது. அந்தப் பேத்தி இன்று பட்டம் பெற்ற பெண்.

இதை என்ன செய்வது? அப்படியே காப்பதா, முடித்துப் பயன்படுத்துவதா? இவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் கலை மிகப் பழமையானது. எகிப்தின் அபைதோசில் கிடைத்த, ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அரசனின் தந்தச் சிற்பமொன்று இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவ்வரசன் போர்த்தியிருப்பது அடுக்குத் தையல் போர்வை போலவே தோன்றுகிறது. இடைக்கால ஐரோப்பிய வீரர்கள் இரும்புக் கவசத்தின் அடியில் பஞ்சு திணித்துத் தைத்த சட்டை அணிந்தனர். அச்சட்டைக்கு அவர்கள் வழங்கிய 'அக்கெட்டன்' என்னும் பெயர், பருத்தியைக் குறிக்கும் 'அல்குத்ன்' என்னும் அரபுச் சொல்லின் திரிபே. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் தைக்கப்பட்ட டிரிஸ்டன் போர்வையின் பகுதிகள் இலண்டனிலும் புளோரன்சிலும் பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் அதைத் தைத்த கைகள் யாருடையவை என்பதை வரலாறு சொல்லவில்லை.

ஒட்டுப் போடுவதை இழிவாகக் கருதும் மனப்பான்மை இன்று நம்மிடையே பரவியிருக்கிறது. நம் முன்னோர் அவ்வாறு கருதவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், காலணியைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) விடையளித்தார்கள். கலீபா உமர் (ரலி) அவர்களின் தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் இருந்ததைத் தாம் கண்டதாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். சூபிகளோ ஒட்டுப் போட்ட அங்கியையே துறவின் அடையாளமாகக் கொண்டனர்.

வங்கத்தில் இக்கலைக்குக் 'காந்தா' என்று பெயர். நம் 'கந்தை'யும் அதுவும் உறவுச் சொற்களே. கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாத்' என்னும் காவியம் அத்தகைய போர்வை ஒன்றின் கதையாகும். கைப்பிடித்த கணவன் ரூபாய் ஒரு கலவரத்தின் பின் ஊரைவிட்டு ஓடிவிட, காத்திருக்கும் சாஜு தன் வாழ்வு முழுவதையும் போர்வையில் தைக்கிறாள். இறக்குந் தறுவாயில் அதைத் தன் கபுறின்மேல் விரிக்கும்படி தாயிடம் வேண்டுகிறாள். பின்னொருநாள், அதே போர்வையைப் போர்த்தியவாறு கபுறின் அருகே ரூபாயின் உடல் கிடக்கக் கண்டனர் ஊரார்.

கருநாடகத்தின் வடகன்னட மாவட்டக் காடுகளில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் முஸ்லிம்களும் உளர். அப்பெண்கள் தைக்கும் 'கவந்தி' ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கிச் செல்லும். எல்லாம் முடிந்தபின் நான்கு மூலைகளிலும் 'பூலா' எனப்படும் முக்கோண மடிப்புப் பூவைத் தைப்பார்கள். பூ இல்லாத போர்வை ஆடையற்ற போர்வை என்பது அவர்கள் கருத்து. முடிப்பது என்பது போர்வைக்குச் செய்யும் மரியாதை என்பதை அவர்களிடமிருந்து நாம் அறிகிறோம்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பெயர் பெற்ற ஊர். ஒருபுறம் போர்வைக்குப் புகழ்பெற்ற சென்னிமலை, மறுபுறம் திருப்பூர். 1920களில் திருப்பூரில் முதல் பின்னலாடைத் தொழிலகத்தைத் தொடங்கியவராகக் குலாம் காதர் அவர்களைத் தொழில் வரலாறு குறிப்பிடுகிறது. 1970களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கி, 1980களில் அது பெருகியது. சுற்றுவட்டாரப் பெண்கள் விடியலில் பேருந்தேறிப் பனியன் கம்பெனிகளுக்குச் சென்றனர். உலகின் பல நாடுகளுக்கும் ஆடை தைத்த அக்கைகளுக்குத் தம் வீட்டுப் போர்வையை முடிக்க நேரம் வாய்க்கவில்லை. கழிவுத் துணி கிலோக் கணக்கில் விலைக்குக் கிடைத்தது. ஓய்வு கிடைக்கவில்லை. நம் அன்னையாரின் ஊசி நின்றதும் இதனாலேதான். அக்காலத்தில் நாமும் அதைக் கவனித்தோமில்லை.

முடிப்பது என்றே தீர்மானித்தோம். பேத்தியே முன்வந்தாள். முதலில் தளர்ந்த தையல்களை நூலோட்டிக் கட்டினாள். சாயம் போகுமா என்று ஈர வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தாள். பிறகு குளிர்ந்த நீரில் நனைத்து, முறுக்கிப் பிழியாமல், நிழலில் விரித்து உலர்த்தினாள். பனியன் துணி இழுத்தால் நீளும், சேலைத் துணி நீளாது. இரண்டையும் அருகருகே தைத்த இடங்களில் சுருக்கம் விழுந்திருந்தது. ஆகவே எஞ்சிய பனியன் துண்டுகளை உள்ளடுக்கில் வைத்து, மேலும் கீழும் சேலையைப் பரப்பினாள். நைந்த இடங்களை வெட்டி எறியாமல் மேலே ஒட்டுப் போட்டாள். பருத்தி நூலையே பயன்படுத்தினாள். நைலான் நூல் வலுவானது, பழந்துணியை அது அறுத்துவிடும். தைக்கும் நூல் துணியைவிட வலுவாக இருத்தலாகாது என்பது செப்பனிடும் கலையின் முதற்பாடம்.

நன்னியின் தையல் வெள்ளை நூலால் ஆனது. பேத்தி நீல நூலை எடுத்தாள். "ஒரே நிறமாக இருந்தால் அழகாயிருக்குமே" என்றோம். "நன்னி எங்கே விட்டார்கள் என்பது தெரியவேண்டும், அத்தா" என்றாள் அவள். வரலாறு எழுதுவோர் கைக்கொள்ள வேண்டிய நெறி இதுவன்றோ! முன்னோர் விட்ட இடத்தை மறைக்காமல், நம் பங்கை நம் நிறத்திலேயே எழுதுவதுதான் நேர்மை. துருக்கறை படிந்த இடத்திலும் அவள் ஒட்டுப் போடவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் இத்தகைய பெட்டி ஒன்று இருக்கக்கூடும். அதை எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். தைத்தவர் உயிரோடிருந்தால் அவரருகே அமர்ந்து, எந்தத் துண்டு எந்தச் சேலை என்று கேட்டுக்கொள்ளுங்கள். நமக்கு அந்த வாய்ப்புத் தவறிவிட்டது. போர்வை முடிந்துவிட்டது. ஆனால் அதிலுள்ள சேலைகளுள் பாதியை அடையாளஞ் சொல்ல இப்போது யாருமில்லை.