இரண்டாயிரத்துக்கு மேல் வேண்டாம்

ரிஷிவந்தியம் போன்ற சிற்றூர்களில் இலக்கியம் பேச இருவர் கிடைப்பதே அரிது. ஊருக்கு அத்தகைய ஒருவர் இருவரை நம்பிப் பத்திரிகை நடத்த இயலுமா? இயலும் என்று காட்டியவர் சி. சு. செல்லப்பா.

1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கியபோது, 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்பதை அவர் கொள்கையாகவே அறிவித்தார். உண்மையில் வாங்கியோர் சில நூறு பேரே. ஆயினும் அந்தச் சிறு வட்டத்தில்தான் புதுக்கவிதை வேர்பிடித்தது. ந. பிச்சமூர்த்தியோடு சி. மணி, பசுவய்யா, எஸ். வைத்தீஸ்வரன், திருகோணமலையின் தருமு சிவராமு ஆகியோர் எழுதினர். வெங்கட் சாமிநாதனின் விமர்சனப் பயணமும் அங்கேயே தொடங்கியது. 1962இல் வந்த 'புதுக்குரல்கள்' 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தொகுத்தது.

இதற்கான விலையைச் செல்லப்பாவே கொடுத்தார். கைப்பொருளை இழந்தார், புத்தகக் கட்டுகளைச் சுமந்து கல்லூரி கல்லூரியாக அலைந்தார். 1970இல் இதழ் நின்றது. 1998இல் அவர் மறைந்த பிறகே, 'சுதந்திர தாகம்' நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது வந்தது.

ஆகவே சிறுவட்டத்தை நாம் வெறுமனே போற்றிவிட்டு நகர்ந்துவிடலாகாது. அங்கே வாசகன் எண்ணிக்கையில் ஒருவன் அல்லன், பொறுப்பில் பங்காளி. சந்தாவை உரிய காலத்தில் கட்டுவதும், படித்ததற்கு நாலு வரி மறுமொழி எழுதுவதும் இலக்கியப் பணியே என்று நாம் கருதுகிறோம்.