ஓசூர்: சலுகை கொண்டுவந்த ஆலைகள்

ஓசூர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு கேழ்வரகும் கொள்ளும் விளைந்த மேட்டுநிலம். 1824-ல் தொடங்கப்பட்ட மத்திகிரி கால்நடைப் பண்ணையைத் தவிர, வெளியூர்க்காரர் அறிந்த அடையாளம் அதற்கு அதிகமில்லை. சேலத்திலிருந்து 1965-ல் பிரிக்கப்பட்ட தருமபுரி மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் அது இருந்தது.

தமிழக அரசு 1971-ல் சிப்காட் நிறுவனத்தை ஏற்படுத்தியது. பின்தங்கிய பகுதிகளில் நிலத்தைக் கையகப்படுத்தி, சாலை, தண்ணீர், மின்சாரம் தந்து ஆலைகளை அழைப்பது அதன் வேலை. மத்திய அரசும் அதே காலத்தில் தருமபுரி போன்ற இத்தகைய பகுதிகளுக்கு முதலீட்டு மானியம் அறிவித்தது. விற்பனை வரியில் மாநிலச் சலுகைகள் பின்னர் சேர்ந்தன. அசோக் லேலண்டும் டிவிஎஸ் மொபெட் ஆலையும் 1980-ஐ ஒட்டி ஓசூருக்கு வந்தன. தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் டாடா குழுமமும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், கைக்கடிகார ஆலையை இங்கேதான் கட்டியது.

இவை சலுகைக்காக மட்டும் வந்தவை அல்ல. பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். பொறியாளர்கள் அங்கே குடியிருந்துகொண்டு கம்பெனி பஸ்ஸில் வேலைக்கு வரலாம். சலுகை தமிழ்நாட்டுடையது, நகர வசதி கர்நாடகத்துடையது என்ற இந்தச் சேர்க்கைதான் ஓசூரைத் தூக்கிவிட்டது.

நிலம் கொடுத்த விவசாயிக்கு ஆலைக்குள் எளிதில் இடம் கிடைக்கவில்லை. படிப்பும் தொழிற்பயிற்சியும் கேட்டார்கள். டைட்டன் இதில் சற்று வேறு வழியில் போனது. பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்துத் தானே பயிற்சி தந்தது. பிற்பாடு மைராடா தொண்டு நிறுவனத்தின் துணையோடு, கைக்கடிகாரச் சங்கிலியின் கண்ணிகளைக் கோத்து ஊசி செருகும் வேலை சுற்றுப்புறக் கிராமத்துப் பெண்களின் கைக்குப் போயிற்று.

ஆனால் உள்ளூரில் ஆழமாக வேர்விட்டது துணைத்தொழில்தான். பெரிய ஆலைக்கு வேண்டிய போல்ட், பிராக்கெட், கியர் உறைகளை ஜாப் ஒர்க்காகச் செய்யும் லேத் பட்டறைகளும் பிரஸ் கூடங்களும் பெருகின. ஆலையில் தொழில் பழகியவரே வெளியே வந்து பட்டறை போடுவது இங்கே வழக்கம். இந்த வளர்ச்சிக்கு ஒரு விலையும் உண்டு. வண்டி விற்பனை சரிந்தால் முதலில் காய்வது இந்தப் பட்டறைகள்தான். ஆர்டர் குறைந்த வாரமே ஷிப்டும் குறையும்.

மானியம் பின்தங்கிய பகுதி முழுவதற்கும் அறிவிக்கப்பட்டது. ஆலைகளோ எல்லையோர மூலையில் குவிந்தன. மாவட்டத்தின் உட்பகுதியிலுள்ள பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் ஆட்கள் கட்டட வேலைக்குப் பெங்களூருவுக்கும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும் போவது நிற்கவில்லை. ஒரு பகுதியைப் பின்தங்கியது என்று அறிவிப்பதால் மட்டும் முதலாளி அதன் உட்பகுதிக்குப் போய்விடமாட்டார் என்பதற்கு இது தெளிவான சான்று. 2004-ல் மாவட்டம் பிரிந்தபோது ஓசூர் கிருஷ்ணகிரியோடு போயிற்று. பென்னாகரமும் அரூரும் தருமபுரியிலேயே நின்றுவிட்டன.