பெயரில்லாத கல்: அபர்தீன் நினைவுத்தூணும் ‘வீரர்’ என்ற சொல்லும்

அந்தமானின் தலைநகரில் ஷாதிபூரிலிருந்து அபர்தீன் கடைத்தெருவுக்கு வருகிறவர்கள் கடலோரமாக ராஜீவ் காந்தி நீர் விளையாட்டு வளாகத்தின் பக்கம் இறங்கினால், அங்கே ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியின் அடக்குமுறைக்கும் பழிவாங்கும் கொள்கைக்கும் எதிராக 1859 மே மாதத்தில் வீரத்தோடு போரிட்ட அந்தமான் பழங்குடியினர் நினைவாக எழுப்பியது என்பது அதன் வாசகத்தின் சாரம். ஆண்டுதோறும் மே 17 அன்று இங்கே மலரஞ்சலி உண்டு. போர் நினைவுச் சின்னம் என்றால் நாம் எதிர்பார்ப்பது பெயர்ப் பட்டியல். இந்தத் தூணில் ஒரு பெயர்கூட இல்லை. காலம் கடந்துவிட்டதால் நேர்ந்த இயல்பான இழப்பாகவே இது கருதப்பட்டு வருகிறது. இது இழப்பு அல்ல, அன்றே கேட்காமல் விட்டதன் விளைவு என்பதும், பெயரில்லாக் குறையை ‘விடுதலைப் போர்’ என்ற பெருஞ்சொல்லால் மூடுவது அந்த வீரர்களுக்குச் செய்யும் சிறப்பாகாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சான்றைப் பார்ப்போம். 1858 மார்ச்சில் பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு வந்திறங்கிக் குடியேற்றத்தைத் தொடங்கினார். காடு அழிந்தது, கரையோர நிலம் கைமாறியது. தெற்கு அந்தமானின் அப்பகுதி, பெரிய அந்தமானியர்களுள் ஒரு பிரிவினரான ஆக்கா-பியா மக்களுடையது. 1859 ஏப்ரலில் தாக்குதல்கள் தொடங்கின. மே 17 அன்று அபர்தீனில் பெரிய மோதல் நடந்தது. இதைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி வாக்கரின் அலுவலகக் கடிதங்கள் வழியாகவும், பின்னாளில் அந்தமானியர் பொறுப்பில் இருந்த எம்.வி. போர்ட்மன் 1899இல் வெளியிட்ட வரலாற்று நூலின் வழியாகவும் வந்ததே. அம்பு எய்தவர் தரப்பிலிருந்து ஒரு சொல்லும் எழுத்தாகவில்லை. இந்த ஆவணங்களின் நடுவே நிற்பவர் துத்நாத் திவாரி. கலகக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற சிப்பாய்; 1858 ஏப்ரலில் தப்பியோடி, அம்பு பட்டும் பிழைத்து, ஓராண்டுக்கு மேல் அந்தமானியரோடு வாழ்ந்தவர். தாக்குதல் வருகிறது என்று வாக்கருக்கு முன்கூட்டித் தெரிவித்தவரும் அவரே. 1860இல் அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது. இந்தக் கதையில் சீருடை அணிந்து முறையான படைப்பயிற்சி பெற்றிருந்த மனிதர்தான் தாக்குதலைக் காட்டிக்கொடுத்தவரும் என்பது ‘போர்வீரர்’ என்ற சொல்லை நாம் எவ்வளவு கவனமாகக் கையாள வேண்டும் என்று காட்டுகிறது. ஆனால் என் வாதத்துக்கு இதைவிட முக்கியமானது வேறொன்று. திவாரியின் வாக்குமூலத்திலிருந்து அவருக்கு மணம் முடித்துவைக்கப்பட்ட பெண்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன: லீபா, ஜிகா. கேட்டபோது பெயர் வந்தது; எழுதியபோது நின்றது. வில்லோடு வந்தவர்களுள் பலரைத் திவாரி நேரில் அறிந்திருக்க வேண்டும். விசாரித்த அதிகாரிகளுக்கு அந்தப் பெயர்கள் தேவைப்படவில்லை. அவர்களுக்கு வேண்டியதெல்லாம் எப்போது, எந்த வழியாக வருகிறார்கள் என்பதுதான்.

இங்கே ஓர் ஒப்பீடு பயன்படும். தமிழ் நிலத்தின் நடுகல் மரபு அரச படையில் இருந்தவனுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. தொல்காப்பியம் புறத்திணையியலில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என்று படிநிலை வகுக்கிறது. கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை எல்லாம் ஊர் செய்யும் வேலை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த தமிழ்ப் பிராமி நடுகற்களில் ஒன்று, கூடலூர் ஆகோளையும் (ஆநிரை கவர்தலையும்) அதில் பட்ட அந்தவன் என்பவனையும் குறிக்கிறது. எந்த அரசனுடைய பெயரும் அதில் இல்லை. திருவண்ணாமலைப் பகுதியின் எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்மன் காலத்தது, இன்னும் ஒரு படி மேலே போகிறது. கள்ளர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்ற நாய்க்கும் அங்கே உருவம் உண்டு, ‘கோவிவன்’ என்று பெயரும் உண்டு. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர் நாயின் பெயரைக் கல்லில் வெட்டத் தோன்றியது. தாள், மை, எழுத்தர், அஞ்சல் எல்லாம் கைவசம் இருந்த 1859ஆம் ஆண்டின் நிர்வாகத்துக்கு மனிதர் ஒருவரின் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. (நடுகல்லை எழுப்பியது இறந்தவனின் சொந்த ஊர், அபர்தீன் பதிவை எழுதியது எதிரி; இந்த வேறுபாட்டை மறுக்கவில்லை. என் வாதமே அந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.)

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது ஒன்று. அந்தமானியர் தாக்கியது வெள்ளை அதிகாரிகளை மட்டும் அல்ல, கைதிகளையும்தான். அந்தக் கைதிகளுள் 1857 எழுச்சியில் பங்கெடுத்தவர்கள் இருந்தார்கள். பிறகெப்படி இருசாராரையும் ஒரே விடுதலை வரலாற்றில் வைத்து வணங்குவது? கேள்வி நியாயமானது. வணங்க முடியாது என்பதே நேர்மையான பதில். அப்படி வணங்க வேண்டிய தேவையும் இல்லை. கோடரியோடு காட்டுக்குள் வந்தவன் விலங்கு பூட்டப்பட்டவனா, பூட்டியவனா என்று காட்டுக்காரன் பிரித்துப் பார்க்க வேண்டும் என எதிர்பார்ப்பது நம் வசதிக்கான எதிர்பார்ப்பு. ஆக்கா-பியா மக்கள் இந்தியாவுக்காகப் போரிடவில்லை. இந்தியா என்ற கருத்தே அவர்களை எட்டியிருக்கவில்லை. தங்கள் கரையையும் நீர்நிலையையும் காக்கப் போரிட்டார்கள். கூடலூர் அந்தவனுக்குக் கல் நட ஆநிரை ஒன்றே போதுமானதாக இருந்ததுபோல, இவர்களை வீரர் என்று சொல்ல அந்த நிலம் போதும். தேசியப் போராட்டத்தின் முன்னோடிகளாக இவர்களை மாற்றும்போது, அவர்கள் யாரை எதிர்த்தார்களோ அந்தக் குடியேற்றத்தின் வாரிசுகளான நாம் வாசகத்திலிருந்து நழுவிவிடுகிறோம். ஷாதிபூர் உள்ளிட்ட இந்த நகரம் முழுவதும் நிற்பது அந்தக் கரையில்தான்.

பெயரே கிடைக்காதபோது என்னதான் செய்ய முடியும் என்பது இன்னொரு மறுப்பு. இதை எழுப்புகிறவர்கள் இத்தீவுகளின் பெயர் வரலாற்றை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். 1857ஐ ஒடுக்கிய ஹேவ்லாக், நீல் ஆகியோரின் பெயர்களை இரு தீவுகள் நெடுங்காலம் சுமந்தன. 2018இல் அவை ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு ஆயின. 2023 ஜனவரி 23 அன்று பெயரிடப்படாதிருந்த 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் பெயர்கள் சூட்டப்பட்டன. 1987இல் இலங்கையில் வீழ்ந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அவர்களுள் ஒருவர். அவர்கள் அதற்கு முற்றிலும் தகுதியானவர்கள். ஆனால் அந்தத் தீவுகளுக்குப் ‘பெயரில்லை’ என்று சொன்னது நம் வரைபடம். அங்கே மீன் பிடித்தவர்கள் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பது தனிக் கேள்வி. ஆக, இங்கே பெயருக்குப் பஞ்சம் இருந்ததில்லை. தனிமனிதர் பெயர் கிடைக்காவிட்டால் இனத்தின் பெயர் இருக்கிறது. தூணின் வாசகத்தில் ‘பழங்குடியினர்’ என்ற பொதுச்சொல் இருக்கும் இடத்தில் ‘ஆக்கா-பியா’ என்று வெட்டலாம். அவர்களுடைய பெயர்களை யாரும் கேட்டு எழுதவில்லை என்ற ஒரு வரியையும் சேர்க்கலாம். கல்லில் இப்படி ஒப்புக்கொள்வது வழக்கத்தில் இல்லை என்பார்கள். அறியப்படாத போர்வீரன் நினைவிடம் என்பதும் முதல் உலகப்போருக்குப் பின் 1920இல் லண்டனிலும் பாரிஸிலும் எழும்வரை வழக்கத்தில் இல்லாததுதான். அந்த வீரனின் பெயர் எங்கோ ஒரு படைப்பதிவேட்டில் இருந்தது, உடலோடு பொருத்த முடியாமல் போயிற்று. அபர்தீனில் பதிவேடே இல்லை.

இந்த மாற்றத்தைச் செய்ய அகழாய்வு வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம், ஒரு பலகையும் ஒரு கல்தச்சரும் போதும். தாமதத்தில்தான் இழப்பு. 1901 கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் அனைவருமாக 625 பேர். 1961இல் 19 பேர். 1877இன் தட்டம்மையும் குடியேற்றம் கொண்டுவந்த மற்ற நோய்களும், எந்தப் பீரங்கியும் செய்யாததைச் செய்தன. 2010 ஜனவரியில் போவா மூதாட்டி இறந்தபோது பெரிய அந்தமானியர் மொழிகளுள் ஒன்றான ஆக்கா-போவைப் பேச ஆளே இல்லாமல் போயிற்று. ஆக்கா-பியாவைப் பேசுவோர் அதற்குப் பல்லாண்டு முன்பே முடிந்துபோனார்கள். தூணில் உள்ள வாசகத்தை அவர்கள் மொழியில் பெயர்த்துச் சொல்ல இன்று ஒருவரும் இல்லை.